வசனம் எழுதாத நாடகக்காரி

1968 மார்கழியில் தேவானைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பனிதான் காரணம் என்று நினைத்து மிளகுக் கஷாயமும் பனங்கற்கண்டுமாக ஒரு மாதத்தை ஓட்டினாள். தை பிறந்தும் குரல் திறக்கவில்லை. வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்த பெரியாஸ்பத்திரி டாக்டர், குரல்வளையில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனி உரக்கப் பேசினால் இருக்கிற குரலும் போய்விடும் என்றார்.

அந்தக் குரலை வைத்துத்தான் அவள் பிழைத்துக்கொண்டிருந்தாள். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் கூடி நாடகம் போட்ட காலம் அது. ஆண் வேஷத்துக்கு அவர்களே போதும். பெண் வேஷத்துக்கு மட்டும் தங்கள் வீட்டுப் பெண்களை மேடையேற்ற மனம் வராது. வெளியிலிருந்து ஆள் தேடுவார்கள். அப்படி வெளியிலிருந்து வந்தவள்தான் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்த தேவானை. பதினெட்டு வயதில் தங்கையாக நுழைந்தாள். பிறகு மனைவி ஆனாள். முப்பது தாண்டியதும் அம்மா. முப்பத்தெட்டில் மாமியார். மேடையில் அச்சடித்த தமிழும் தேவைப்பட்டால் அக்கிரகாரத் தமிழும் பேசுவாள். ஒப்பனையைக் கலைத்ததும் சிந்தாதிரிப்பேட்டை திரும்பிவிடும். கல்யாணம் கூடிவரவில்லை; அதற்காக அவள் அழுது யாரும் பார்த்ததும் இல்லை. கச்சேரி ரோடு சந்து ஒன்றில் மாடியறை எடுத்துத் தனியாக இருந்தாள்.

குரல் போன செய்தி தெரிந்ததும் ஒரு வங்கி நாடகக் குழுவின் செயலாளர் சந்தானகோபாலன் நேரிலேயே வந்தார். நல்ல மனுஷர். வாசலிலேயே நின்றுகொண்டு மேல்துண்டின் நுனியைத் திருகினார்.

"தப்பா எடுத்துக்கப்படாது தேவானை. ஆத்துல கூட எல்லாரும் உங்களைப் பத்திதான் வருத்தப்பட்டுண்டிருக்கா. ஆனா கடைசி வரிசைக்குக் கேக்கணுமோன்னோ?"

"புரியுது சார்" என்றாள் தேவானை. அவர் காதில் அது விழவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்வீட்டில் அன்வரி பேகம் குடியிருந்தாள். மந்தைவெளிப் பக்கம் கால்வாய்க்கரைக் குடிசைகளுக்கு மத்தியிலிருந்த ஒரு பிரசவ நிலையத்தில் நர்ஸ். ஊசி போடும் கையும் திட்டும் வாயும் ஒன்றையொன்று முந்தும். தேவானை இரண்டு மாதமாக வெளியே தலைகாட்டாததைப் பார்த்துவிட்டு ஒருநாள் மாடியேறி வந்தாள்.

"எங்க நிலையத்துக்கு ஆண்டுவிழா வருது. அம்மை குத்துறதப் பத்தி ஒரு நாடகம் போடணும்ன்றாங்க. கரையில இருக்கற பொம்பளைங்களே நடிக்கணுமாம். நீ சொல்லிக் குடு."

"என் தொண்டைய பாத்தியா நர்ஸம்மா? இதுல சொல்லிக் குடுக்கறதா?"

"தொண்டை போச்சு. மூளையுமா போச்சு?"

தேவானை மூன்று நாள் உட்கார்ந்து வசனம் எழுதினாள். 'தாயே, தடுப்பூசி போட்டால் அம்மை நோய் அண்டாது' என்று தொடங்கிப் பன்னிரண்டு பக்கம். எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனாள். எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். வரிசையாக நிற்கவைத்துப் படித்துக் காட்டினாள். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலிருந்தது. கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. இரண்டு வரிக்கு ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் 'இப்படிப் பேசு' என்று பேசிக் காட்டியிருப்பார்கள். தேவானையும் இருபது வருஷம் அப்படித்தான் கற்றிருந்தாள். இப்போது அதற்கு வழியில்லை. தோற்றுப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். பூ விற்கும் பேச்சியம்மாள்தான் முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள். கோவில்பட்டியிலிருந்து வந்து பதினைந்து வருஷமாகிறது. பேச்சில் பாதி மெட்ராஸ் ஏறிவிட்டது.

"கோவிச்சுக்காதக்கா. நான் எப்பக்கா இப்டிப் பேசியிருக்கேன்? தாயேன்னு பிச்சைக்காரன்தான் கூப்புடுவான்."

தேவானைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை வலிக்கும். "சரி, போன மாசம் அம்மை குத்த வந்தாங்களே, அப்ப நீ இன்னா பண்ண?" என்று கேட்டாள்.

"பையனப் பூக்கூடைக்குள்ள ஒளிச்சு வச்சேன்."

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அப்பறம்?"

"மேல ஈரச்சாக்கு போட்டேன். நர்ஸம்மா வந்து, 'கூடை ஏன் தும்முது?'ன்னு கேட்டா."

குரல் ரகசியம்போல வெளிவந்ததால் தேவானை சொல்வதைக் கேட்க அத்தனை பேரும் நெருங்கி வர வேண்டியிருந்தது. நெருங்கி வந்தவர்கள் தானாக வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். "கூடை எங்க இருந்துச்சு? நர்ஸம்மா எப்படி நடந்து வந்தா?" என்று அவள் கேட்கக் கேட்க, ஒருத்தி எழுந்து அன்வரி பேகத்தைப் போலவே இடுப்பில் கைவைத்து நடந்து காட்டினாள். இன்னொருத்தி கூடையானாள். தொடையோடு ஒட்டிக்கிடந்த கைகளெல்லாம் எங்கிருந்தோ முளைத்து வந்தன. தேவானை பன்னிரண்டு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அது அடுப்பு பற்றவைக்கப் பயன்பட்டது.

ஆண்டுவிழாவில் கூடை தும்மியபோது பந்தலே ஆடியது. கடைசியில் அன்வரி பேகம் தேவானையை ஓரமாக இழுத்துப்போய், "நெஜமாவே நான் அப்படியா கத்துறேன்?" என்று கேட்டாள். முகத்தில் கோபமில்லை, கொஞ்சம் அடிபட்டாற்போல இருந்தது. அடுத்த தரம் அம்மை குத்தப் போனபோது அவள் கத்தவில்லை. குழந்தைகளில் பாதி தானாக வந்தன. மீதிப் பாதியை வழக்கம்போலத் தேடித்தான் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு அடையாறிலிருந்து ஒரு மாதர் சங்கம் கூப்பிட்டது. தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் சிப்பந்திகள் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் தேவானை தரையில் உட்கார்ந்து கேட்பாள். அவர்கள் சொல்வார்கள், எழுந்து செய்வார்கள், நாடகமாகிவிடும். நோட்டீசில் மட்டும் அவளை எங்கே போடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. 'நன்றி: திருமதி தேவானை' என்று ஒரு தடவை போட்டார்கள். 'திருமதி'யைப் பார்த்துவிட்டு அவள் பேச்சியம்மாளிடம், "பாரு, எனக்குக் கண்ணாலம் பண்ணி வச்சிட்டாங்க" என்றாள்.

வேலை கைவந்துவிட்டது என்ற நம்பிக்கை வந்த வேளையில்தான் ஜானு விஷயம் நடந்தது. 1972இல்.

ஜானுவும் கால்வாய்க்கரைதான். வயது முப்பத்திரண்டு. ஒரு ரெடிமேட் கடைக்கு வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள். புருஷன் அவளை விட்டுவிட்டுப் பாலவாக்கத்தில் வேறொருத்தியோடு போய்க் குடியிருந்தான். அதை ஜானு யாரிடமும் பேசியதில்லை. ஒருநாள் வட்டத்தில் யாரோ எதையோ சொல்லப்போக, மடை திறந்ததுபோலக் கொட்டிவிட்டாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன காலைப்பொழுது, அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டது, 'போவாதய்யா' என்று தெருமுனை வரை ஓடியது. எட்டுப் பேரும் அழுதார்கள். தேவானையும் அழுதாள். "இதையே போடலாம்க்கா" என்றார்கள். ஜானு சரியென்று தலையை ஆட்டினாள். தேவானை மறுபடி ஒரு முறை கேட்கவில்லை.

தியாகராய நகர் மண்டபம் ஒன்றில் நாடகம் நடந்தது. ஜானு ஜானுவாகவே நடித்தாள். முன்வரிசைப் பட்டுப்புடவைகள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டன. இருபது வருஷத்தில் அப்படியொரு கைதட்டலைத் தேவானை கேட்டதில்லை. ஓர் அம்மாள் மேடையேறி வந்து ஜானுவின் கன்னத்தைத் தடவி, "என்ன இயற்கையா நடிக்கிறே!" என்றாள்.

மறுநாள் காலை குழாயடியில், நாடகம் பார்க்கக் கூடப் போயிருந்த பிள்ளைகள் ஜானுவின் காலைக் கட்டிக்கொண்டு 'போவாதய்யா, போவாதய்யா' என்று விளையாடினார்கள். பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள். ஜானு குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனவள்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாம் நாள் தேவானை போய்க் கதவைத் தட்டினாள். ஜானு திறந்துவிட்டு, போய்க் காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

"ஜானு."

"நான் அழுதது நாடகம் இல்லக்கா." தலை நிமிரவில்லை. "அங்க உக்காந்துக்கினு இருந்தவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீயும் கை தட்டிக்கினு இருந்த."

தேவானைக்குச் சொல்லப் பதில் இருந்தது. நீதானே தலையாட்டினாய் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அழுது முடித்த ஒருத்தி ஆட்டுகிற தலை சம்மதமாகாது என்று அவளுக்கு அந்த நிமிஷமே உறைத்தது. "தப்புதான்" என்றாள். "எம்மேலதான் தப்பு."

மறுபடி நாடகத்துக்கு வா என்று அவள் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்து கோத்துக் கொடுத்தாள். நாலு மாதம் எங்கும் நாடகத்துக்குப் போகவில்லை. அடையாறு மாதர் சங்கம் இரண்டு தடவை ஆளனுப்பியது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

பேச்சியம்மாள்தான் பொறுக்கமாட்டாமல் மாடியேறி வந்தாள். "தப்பு பண்ணா திருத்திக்கணும். கடைய மூடிட்டா ஆச்சா? ஒரு நாள் பூ வாடிப்போச்சுன்னு நான் ஏவாரத்த விட்டுட்டேனா?"

மறுபடி வட்டம் கூடியபோது தேவானை சில விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிட்டாள். தன் கதையைத் தானே நடிக்கக் கூடாது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி எடுத்துச் செய்வாள். அதுவும் பேர், ஊர், தொழில் எல்லாம் மாறிய பிறகு. சரி என்று ஒருத்தி அழுதுகொண்டே சொன்னால் அது கணக்கில் சேராது. ஒரு வாரம் கழித்து, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் திரும்பக் கேட்க வேண்டும். அப்போதும் சரி என்றால்தான் சரி. நாடகம் முடிந்ததும் ஒவ்வொருத்தியும் முகம் கழுவிவிட்டு வட்டத்துக்கு வந்து தன் சொந்தப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். "இது இன்னாக்கா, பேர் மறந்துபோயிடுமா?" என்று சிரித்தார்கள். ஆனால் செய்தார்கள். செய்யச் செய்ய அது பிடித்தும் போயிற்று. பேச்சியம்மாள் தன் பேரோடு அப்பன் பேர், பாட்டன் பேர் எல்லாம் சேர்த்துச் சொல்வாள்.

அதிலிருந்து எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஜானு வந்து வாசலில் நின்றாள்.

"நான் வரணும்னா ஒண்ணு" என்றாள். "எனக்குப் புருசன் வேசம்தான் வேணும்."

யாரோ ஒரு லுங்கியை எடுத்து வீசினார்கள். ஜானு புடவைக்கு மேலேயே அதைக் கட்டிக்கொண்டு, காதில் ஒரு துண்டுப் பீடியைச் செருகிக்கொண்டாள். அன்றைய கதை யாருடைய சொந்தக் கதையும் அல்ல. எல்லோருமாகச் சேர்ந்து கட்டியது. ஒருவன் வேலையற்றுப்போய், வீட்டிலிருக்கும் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். பேச்சியம்மாள் பெண்டாட்டி.

ஜானு அண்டாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நான் போறேன். இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று இல்லாத மீசையை முறுக்கினாள்.

பேச்சியம்மாள் அழவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "போறதுன்னா போ. அண்டாவ வச்சுட்டுப் போ" என்றாள்.

"அண்டா எங்க அம்மா குடுத்தது."

"அப்ப உங்கம்மா கிட்டயே போயி தண்ணி ரொப்பிக்க."

ஜானுவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. போகவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. அண்டாவோடு இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். ஒரு வருஷச் சிரிப்பு. நிற்கவேயில்லை. அண்டா உருண்டு போய்ச் சுவரில் முட்டிக் கணீரென்றது. அன்று முகம் கழுவிவிட்டு வந்து "ஜானு" என்று அவள் பேரைச் சொன்னபோது தேவானை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

1975இல் சமூகநல வேலை சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பேட்டைகளுக்குப் போகும் களப் பணியாளர்களுக்கு இப்படி நாடகம் கட்டக் கற்றுத்தர வேண்டுமாம். அதிகாரி அய்யாதுரை, திருநெல்வேலிக்காரர், தடித்த கண்ணாடி. தேவானையை உட்காரவைத்துப் பாரத்தை விரித்தார்.

"நீங்க டைரக்டரா?"

"இல்ல சார்."

"கதை வசனம் எழுதுதீங்களா?"

"அது அவங்களுது."

"நடிக்கவும் இல்ல. அப்ப உங்களை என்னன்னு எழுதச் சொல்லுதீங்க?" அவருக்கு உண்மையாகவே குழப்பம். "டீச்சர்னா பட்டம் கேப்பாங்க. நடிகைன்னா ஆபீஸ்ல சிரிப்பாங்க. 'இதர உதவியாளர்'னு போட்டுருவோம். ஒரு கையெழுத்து போடுங்க."

தேவானை பேனாவைத் தொடவில்லை. "காஜா எடுக்கறவளுக்கு ஒரு பேர் கீது சார். காது குத்தறவனுக்கு ஒரு பேர் கீது. நான் பண்றத சரியா பண்ணலன்னா ஒருத்தி ஒரு வருசம் கதவ சாத்திக்கினு உக்காந்துடுவா. அது எனக்கு நடந்துச்சு. இவ்ளோ பொறுப்பு கீற வேலைக்குப் பேரும் இருக்கணும்."

அவள் குரலைக் கேட்க அய்யாதுரை மேஜைமேல் முக்கால்வாசி சாய்ந்திருந்தார். "அப்படி என்னதான் பண்ணுதீங்க?"

"சனிக்கெழம வாங்க. ஆனா சும்மா பாக்க முடியாது. உக்காரணும்."

வந்தார். நாற்காலி கிடையாது என்றதும் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். பேச்சியம்மாள் அவருக்கு ரேஷன் கடை வரிசையில் கடைசியாக நிற்கும் கிழவி வேஷம் கொடுத்தாள். காது சிவந்துபோய் நின்றார். ஆனாலும் அவர் ஒன்றைக் கவனித்தார். வரிசையில் பேச்சு மழைக்கும் வெள்ளத்துக்கும் திரும்பியபோது, ஓரத்திலிருந்த ஒரு பெண்ணிடம் தேவானை மெல்லப் போய், கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினாள். பானை நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

பஸ் ஸ்டாப் வரை நடக்கும்போது கேட்டார். "அந்தப் பிள்ளையை ஏன் வெளிய அனுப்புனீங்க?"

"போன மாசம் அவ தம்பி கால்வாயில முழுகிப் பூட்டான். வெள்ளம்னு பேச்சு வந்ததும் அவ மூஞ்சிய திருப்பிக்கினா."

"எல்லாரும் நாடகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நீங்க ஆளுகளைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கீங்க" என்றார்.

நாலு பக்கக் குறிப்பு எழுதினார். கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை 'நாடகப் பயிற்றுநர்' என்ற பேரில் ஒப்புதல் கிடைத்தது. தற்காலிகம், ஒரு வருஷத்துக்கு மட்டும். துணைக்கு ஒருவர் வேண்டும் என்று தேவானை பிடிவாதம் பிடித்து ஜானுவையும் சேர்த்துக்கொண்டாள். பேச்சியம்மாளையும் கேட்டாள். "என் கடைய அந்த அய்யாதுரை வந்து பாப்பாரா?" என்று சொல்லிவிட்டாள்.

இருபது களப் பணியாளர்கள் நோட்டும் பேனாவுமாக வந்தார்கள். கலீமுல்லா என்பவர் மூன்றாம் நாளே அய்யாதுரையிடம் போய்ப் புகார் சொன்னார். "சார், அந்தம்மா ஒண்ணுமே சொல்லித் தர மாட்டேன்றாங்க. கேள்வி மட்டும்தான் கேக்கறாங்க. நோட்டுல எழுத ஒரு வரி இல்ல." அய்யாதுரை, இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள் என்றார்.

அதே கலீமுல்லா, 1976 மாசி மாதம், வேர்த்து விறுவிறுக்க அய்யாதுரை அறைக்கு ஓடிவந்தார்; தேவானையும் அங்கே இருந்தாள். கொட்டிவாக்கத்து மீனவர்களோடு அவர் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தார். அவர்கள் நாடகம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். புயலில் படகு போன ஒருவனின் மனு, அலுவலகத்தில் மேஜை மேஜையாக அலைகிற கதை. எல்லா மேஜையிலும் ஒரே ஆபீசர்.

"நம்ம ஆபீஸ மாதிரியே கீது சார். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அவங்களாவே..."

காலம் சரியில்லை. நெருக்கடி நிலை, மாநில ஆட்சியும் அப்போதுதான் கலைக்கப்பட்டிருந்தது. அலுவலகங்களில் சுவருக்கும் காது உண்டு என்று ஆட்கள் சாடையாகப் பேசிக்கொண்ட மாதங்கள். அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"நிறுத்தச் சொல்லலாம்" என்றார் மெதுவாக.

"சொல்லலாம்" என்றாள் தேவானை. "நிறுத்துவாங்க. அப்பறம் நம்ம ஆளுங்க எந்தக் குப்பத்துக்குப் போனாலும் தாயே, தடுப்பூசின்னு ஒப்பிப்பாங்க. அவ்ளோதான்."

அய்யாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எத்தனை மணிக்கு நாடகம்?" என்றார்.

ஞாயிறு மாலை எல்லோரும் பஸ் ஏறிக் கொட்டிவாக்கம் போனார்கள். ஜானு, அன்வரி பேகம், பூக்கூடையோடு பேச்சியம்மாள், கலீமுல்லா, எல்லோரும். வெயில் தாழ்ந்திருந்தது. வலைகளை ஒதுக்கி மணலில் இடம் பண்ணியிருந்தார்கள். அய்யாதுரை இந்தத் தடவை கைக்குட்டை விரிக்காமல் உட்கார்ந்தார்.

தொடங்கும் சமயத்தில் ஆபீசர் வேஷம் கட்டியவன், சட்டைக்கு மேல் எங்கிருந்தோ கிடைத்த ஒரு கழுத்துப்பட்டையைச் சுற்றிக்கொண்டு, நேராக அய்யாதுரை எதிரில் வந்து நின்றான்.

"சார், அந்தக் கண்ணாடிய கொஞ்சம் குடு. முடிஞ்சதும் குடுத்துடறேன்."

கலீமுல்லா கண்ணை மூடிக்கொண்டார். அய்யாதுரை கழற்றிக் கொடுத்தார். அது மூக்கில் ஏறியதுமே கூட்டம் ஆரவாரித்தது. அவன் மனுவைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தான். முத்திரையை மணலில் குத்தினான். "நாளைக்கி வா" என்றான். கூட்டம் முழுக்க அவனோடு சேர்ந்து "நாளைக்கி வா" என்று கத்தியது.

கண்ணாடி இல்லாமல் அய்யாதுரைக்கு நாலு அடிக்கு அப்பால் எல்லாம் கலங்கிய வண்ணமாகத்தான் தெரிந்தது. தேவானை பக்கம் சாய்ந்து, "இப்ப என்ன பண்ணுதான்? எதுக்கு எல்லாரும் சிரிக்காங்க?" என்று கேட்டார். தேவானை அவர் காதருகே குனிந்து, நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.